மருந்துக்கு முதல் போட்ட ஆசான்



ஒரு சான்றோரின் பெயரைத் தெருவுக்குச் சூட்டிவிட்டால் அவரை நினைப்பதற்கு வழி பிறந்ததென்று எண்ணுகின்றோம். பல வேளைகளில் அவரை மறப்பதற்கும் அதுவே எளிய வழியாகிவிடுகின்றது. சீல்டா நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் யாம், நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நாள்தோறும் கால் வைப்பது ஆசாரிய பிரபுல்ல சந்திரர் சாலையில்தான். பழைய கல்கத்தாவாசிகள் அதனை அப்பர் சர்க்குலர் சாலை என்பர். அப்பெயர்ப் பலகையின் கீழ்ப் பல்லாண்டுகள் பேருந்துக்காகக் காத்து நின்றோம்; அவர் யாவர் என்று ஒரு நாளும் வினவினோமில்லை.

எம் அலுவலகத்தின் வழியே செல்லும் மூட்டை முடிச்சுகளில் மருந்துப் பெட்டிகள் பல. அவற்றின்மேல் அச்சிட்ட பெயர்களுள் சில இந்நாட்டுப் பெயர்கள். சில கடல் கடந்த நாட்டுப் பெயர்கள். இந்நாட்டுப் பெயரைத் தாங்கியும் கடல் கடந்தாருக்கு உடைமையாகிவிட்டவை சில. ரசீது எழுதும் கைக்கு இவ்வேறுபாடு தெரிய வேண்டியதில்லை. நோயுற்ற நாட்டுக்குத் தெரிந்தாக வேண்டும். இதனை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை முதலாகப் போட்டு மருந்துத் தொழிலுக்கு வித்திட்டவர், அச்சாலைக்குப் பெயர் தந்த பிரபுல்ல சந்திர ராய் அவர்கள். அவர் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நம் சங்கத்தார் முன் வைக்க விழைகின்றோம்.

இளமையும் கல்வியும்

பிரபுல்ல சந்திரர் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்கள் 2ஆம் நாள் ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் ஜெஸ்ஸூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று வங்காளதேச நாட்டில் உள்ளது. தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். நூல்களைத் தேடித் தொகுத்து வீட்டிலேயே நூலகம் வைத்திருந்தவர். தாயார் புவனமோகினி அம்மையார். மக்களின் கல்வியை முன்னிட்டு 1870இல் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. ஹேர் பள்ளியில் பயின்று வந்த சிறுவரைப் பதின்மூன்றாம் வயதில் கொடிய சீதபேதி பற்றியது. பள்ளியை விட்டு இரண்டாண்டுகள் வீட்டில் கிடக்க நேர்ந்தது. அந்நோய் அவர் உடலை என்றும் நலிவுற்றதாக ஆக்கிவிட்டது. ஆனால் அவ்விரண்டாண்டுகளே தந்தையாரின் நூலகத்தை அவருக்குத் திறந்துவிட்டன. மருந்து செய்யப் பிறந்தவரை முதலில் நோயே ஆட்கொண்டது என்று சொல்லலாம்.

பின்னர் ஆல்பர்ட் பள்ளியிலும், வித்தியாசாகரர் நிறுவிய மெட்ரோபாலிடன் கல்லூரியிலும் பயின்றார். வேதியியல் வகுப்புக்கு மட்டும் பிரெசிடென்ஸி கல்லூரிக்குச் சென்று வந்தார். அங்கே பெட்லர் என்னும் ஆசிரியர் செய்துகாட்டிய சோதனைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1882இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகைத் தேர்வில் வென்று ஸ்காத்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். அங்கே கிரம் பிரௌன் என்னும் பேராசிரியரின் மாணவராகி, 1887இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, சிப்பாய்க் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலையைப் பற்றி ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதினார். ஆங்கில ஆட்சியின் குறைகளை ஆங்கிலேயரின் நடுவிலிருந்தே எடுத்துரைத்த அக்கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவரோ அதனை நூலாகவே அச்சிட்டு வழங்கினார்.

1888இல் தாயகம் திரும்பினார். அந்நாட்டு மாணவனுக்கு அப்பட்டம் உயர்பதவியின் வாயிலைத் திறந்திருக்கும். இவருக்கோ ஏறக்குறைய ஓராண்டு வேலையே கிடைக்கவில்லை. நண்பர் ஜகதீச சந்திர போஸ் அவர்களின் இல்லம் அவருக்குப் புகலிடம் தந்தது. 1889இல் பிரெசிடென்ஸி கல்லூரியில் துணைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். கல்விப் பணியின் மேல்வகுப்பு ஆங்கிலேயருக்கும், கீழ்வகுப்பு இந்நாட்டாருக்கும் என்று பிரித்து வைத்திருந்த காலம் அது.

அயலார் பணம் சென்ற வழி

அந்நாளில் இந்தியாவுக்கு அயல்நாட்டு முதலீடு வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது, வெள்ளமாகவே வந்தது. ரயில்வே ஊழியராகிய நாம் அதனை மறத்தலாகாது. நாம் உண்ணும் சோற்றுக்கு வழியான தண்டவாளங்களே அப்பணத்தால் போடப்பட்டவை. இலண்டனில் பங்கு வாங்கியோருக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி என்று அரசு பிணை நின்றது. பாதையில் நட்டம் வந்தால் அந்தக் குறையை இந்நாட்டு வரிப்பணம் ஈடு செய்தது. 1862இல் கல்கத்தாவிலிருந்து குஷ்டியாவுக்கு ஓடத் தொடங்கிய கிழக்கு வங்க ரயில்பாதையும் அவ்வாறு பிணை பெற்று அமைந்ததே.

ரயில், சணல், தேயிலை இம்மூன்றிலும் பணம் போட முன்வந்தவர்கள் மருந்துத் தொழிலில் போட முன்வரவில்லை. காரணம் எளிது. மூலப்பொருள் இங்கிருந்து துறைமுகம் செல்ல வேண்டும். செய்பொருள் துறைமுகத்திலிருந்து இங்கே வர வேண்டும். அதற்கு உதவுவதே அம்முதலீட்டின் நோக்கம். மருந்துக்கான மூலிகையும், உரத்துக்கான எலும்பும் இந்நாட்டில் மலிந்து கிடந்தன. சீசாவில் அடைத்த மருந்தோ இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியது. வகுப்பில் வேதியியல் கற்பித்த ராய் அவர்களுக்கு இது பெருந்துயரம் தந்தது. தாம் கற்பிக்கும் மாணவர் பட்டம் பெற்றதும் எழுத்தர் வேலை தேடி அலைவதும் அவர் கண்முன் நிகழ்ந்தது. கற்ற வேதியியலுக்கு ஒரு தொழிற்சாலை இல்லையேல் அக்கல்வி ஏட்டுச் சுரைக்காயே என்று துணிந்தார்.

எழுநூறு ரூபாய்

1892ஆம் ஆண்டு, அப்பர் சர்க்குலர் சாலை 91ஆம் எண் வாடகை வீட்டில், எழுநூறு ரூபாய் முதலுடன் வங்காள வேதிப்பொருள் பட்டறை தோன்றியது. பின்னாளில் பெங்கால் கெமிக்கல்ஸ் என்று நாடெங்கும் அறியப்பெற்ற நிறுவனத்தின் தொட்டில் அவ்வீடே. கல்லூரி முடிந்ததும் ஆசிரியர் அங்கே தொழிலாளியாக மாறுவார், கொதிகலத்தின் முன் நிற்பார், கணக்கும் எழுதுவார்.

சோடா பாஸ்பேட்டு செய்ய முனைந்தார். அதற்கு எலும்புச் சாம்பல் வேண்டும். அண்மையிலிருந்த ராஜாபஜார் இறைச்சிக் கடைகளிலிருந்து பச்சை எலும்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி, மொட்டை மாடியில் உலரப் போட்டார். எதிர்பாராது மழை பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த ஊன் அழுகிப் புழுத்தது. காக்கைகள் திரண்டு வந்து அண்டை வீடுகளின் முற்றங்களில் எலும்பைப் போட்டன. அண்டை அயலார் கொதித்தெழுந்தனர். வேறு வழியின்றி எலும்புகளை ஊர்ப்புறத்து வெற்றிடத்துக்குக் கொண்டுபோய்ச் சூளையிட்டு எரித்தார். இரவில் தீயைக் கண்ட ரோந்துக் காவலர், எவரையோ கொன்று எரிக்கின்றனர் என்று ஐயுற்று வந்துவிட்டனராம். எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர் மாட்டெலும்போடும் காவலரோடும் போராடிய அக்காட்சியை நினைக்கையில் முதலில் நகை தோன்றுகின்றது. பின்னர் கண்ணில் நீர் துளிக்கின்றது.

செய்வதினும் விற்பது அரிதாயிற்று. உள்நாட்டுச் சரக்கை எவர் வாங்குவர் என்று மருந்துக் கடைக்காரர் கைவிரித்தனர். இங்கிலாந்துப் பெயர் ஒட்டிய சீசாவுக்கு இருந்த மதிப்பு இதற்கில்லை. அந்நிலையில் தோள் கொடுத்தவர் அமூல்ய சரண் போஸ் என்னும் மருத்துவர். அவர் தாமே இம்மருந்துகளை நோயாளிகளுக்கு எழுதினார். நீலரதன் சர்க்கார், ராதாகோவிந்த கர் போன்ற மருத்துவர்களையும் எழுத வைத்தார். நம் பாட்டிமார் கைப்பக்குவத்தில் இருக்கும் ஓமம், ஆடாதோடை, நிலவேம்பு, குடசப்பாலை ஆகியவற்றின் சாரத்தை மேனாட்டு முறையில் வடித்து, அளவு பிறழாமல் சீசாவில் அடைத்தனர். கல்கத்தாவில் கூடிய இந்திய மருத்துவ மாநாட்டில் இம்மருந்துகள் காட்சிக்கு வைக்கப்பட்டு மருத்துவர்களின் கருத்தைக் கவர்ந்தன. மூலிகை நமது, வடிக்கும் முறை அவர்களுடையது. இரண்டையும் இணைப்பதில் ராய் அவர்களுக்குச் சிறிதும் கூச்சமில்லை. அயலாரின் அறிவை அவர் வெறுத்தவரல்லர். அவ்வறிவு சீசாவில் மட்டும் வந்து காலியானதும் தீர்ந்துபோவதையே வெறுத்தார்.

துணைவர் இருவரை விரைவிலேயே இழந்தார். அமூல்ய சரணரின் மைத்துனரும் வேதியியல் கற்றவருமான சதீஷ் சந்திர சிங்கர், ஆய்வுக்கூடத்தில் தவறுதலாக நஞ்சு உட்புகுந்து மாண்டார். 1898இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது அமூல்ய சரணரே அந்நோய்க்கு இரையானார். கல்லூரி ஒரு தோளிலும் பட்டறை மறு தோளிலுமாக ராய் தனித்து நின்றார். தொழிலை மூடியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவர் மூடவில்லை.

வளர்ந்த நிறுவனம்

1901இல் இரண்டு இலட்ச ரூபாய் மூலதனத்துடன் அது லிமிடெட் கம்பெனியாகப் பதிவாயிற்று. 1905இல் மாணிக்தலாவில் பெருந்தொழிற்சாலை எழுந்தது. இந்நாட்டாரே பங்கு வாங்கினர். இந்நாட்டு வேதியியல் பட்டதாரிகளே பணி புரிந்தனர். 1903இல் வந்து சேர்ந்த ராஜசேகர போஸ், நெடுங்காலம் அதனை நடத்திச் சென்றார். பரசுராமர் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதை எழுதி வங்கத்தைச் சிரிக்க வைத்தவர் இவரே. முதல் உலகப் போரில் கடல்வழி வரவு தடைப்பட்டபோது, உள்ளூரில் மருந்தும் அமிலமும் செய்யும் ஆலை எத்துணை இன்றியமையாதது என்பதை அரசும் உணர்ந்தது. 1920இல் பானிஹாட்டியிலும் 1938இல் பம்பாயிலும் கிளை ஆலைகள் அமைந்தன.

ஆசானின் நாற்பது ரூபாய்

தொழில் வளர்ந்தபோதும் அவர் முதலாளியாக மாறவில்லை, ஆசானாகவே இருந்தார். 1896இல் மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் பாதரசச் சேர்மத்தைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டுப் புகழ் பெற்றார். பழைய இந்திய வேதியியலின் வரலாற்றை ஏடுகளில் தேடி, 1902இலும் 1909இலும் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா, ஞான சந்திர கோஷ், நீலரதன் தர் போன்ற அறிஞர்கள் அவர் வகுப்பில் அமர்ந்து கற்றவர்கள்.

1916இல் அரசுக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் வேதியியல் பேராசிரியரானார். அக்கல்லூரி அதே சாலையில் 92ஆம் எண். தாம் பட்டறை தொடங்கிய வீட்டுக்கு அடுத்த எண். மறு ஆண்டு, கணக்குத் துறைப் பதவியைத் துறந்து அங்கே பாலித் இயற்பியல் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் நம் சி. வி. இராமன் அவர்கள். மிகுந்த சம்பளம் தந்த அரசுப் பதவியை விட்டு ஆய்வுக்கூடம் புகுந்த தமிழரும், அதே கூரையின்கீழ் வாழ்ந்த இவ்வங்கத் துறவியும் ஒருங்கே பணியாற்றியது நமக்கெல்லாம் பெருமிதம் தருவதாகும்.

துறவி என்றது மிகையன்று. அவர் மணம் புரியவில்லை. 1902ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோகலே அவர்களுடன் கல்கத்தாவில் தங்கியிருந்த காந்தியடிகளுக்கு, அண்டை வீட்டாராகிய இவரைக் கோகலே அறிமுகம் செய்துவைத்தார். மாதம் எண்ணூறு ரூபாய் சம்பளத்தில் நாற்பது ரூபாயை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பொதுப்பணிக்கு ஈபவர் என்று அவர் கூறியதைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் குறித்துள்ளார். அறுபது வயது நிரம்பிய 1921 முதல் ஓய்வு பெற்ற 1936 வரை தம் பல்கலைக்கழகச் சம்பளம் முழுவதையும் அக்கல்லூரியின் வேதியியல் துறைக்கே திருப்பித் தந்தார். கல்லூரியின் ஓர் அறையே அவர் இல்லம். மாணவரே அவர் சுற்றம். 1919இல் சர் பட்டம் வந்தது. அதன் பின்னரும் கதராடை உடுத்தி நூல் நூற்றார். 1922இல் வட வங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, தம் அறுபத்தோராம் வயதில் நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1944ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாள் அச்சாலையிலேயே, அறிவியல் கல்லூரி அறையிலேயே, அவர் உயிர் பிரிந்தது.

அவருக்குப் பின்

அவர் விட்டுச் சென்ற வினா மறையவில்லை. விடுதலைக்குப் பின் அயல்நாட்டு மருந்து நிறுவனங்கள் இங்கே கிளை பரப்பின. அவை புதிய மருந்துகளையும் தரக் கட்டுப்பாட்டு முறைகளையும் கொணர்ந்தன. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயின் பழைய 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் துணைகொண்டு, மருந்தை எந்த வழியிலும் பிறர் செய்யவொண்ணாமல் தடுத்து, விலையை உயர்த்தியும் வைத்தன. இச்சட்டத்தை ஆராய்ந்து 1959இல் அறிக்கை தந்தவர், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்து பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியான இராஜகோபால ஐயங்கார் அவர்கள் என்பது தமிழர் அறிய வேண்டிய செய்தி. அதன் வழியே 1970ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. மருந்துக்கு உரிமையில்லை, மருந்து செய்யும் முறைக்கே உரிமை, அதுவும் மிஞ்சினால் ஏழாண்டு என்று அது வரையறுத்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டார் பங்கினைப் பொதுவாக நூற்றுக்கு நாற்பதாகக் குறைக்கச் செய்தது. உள்நாட்டு நிறுவனங்கள் தழைத்தன; இந்தியா ஏழை நாடுகளுக்கெல்லாம் மலிவான மருந்து அனுப்பும் நாடாயிற்று.

பின்னர் காற்று திசை மாறியது. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைப்படி 2005இல் மருந்துக்கே காப்புரிமை மீண்டும் வந்தது. அயல்நாட்டு முதலீட்டுக்குக் கதவும் அகலத் திறந்தது. 2008இல் ரான்பாக்ஸி நிறுவனத்தின் பெரும்பங்கை ஜப்பான் நாட்டு தாய்ச்சி சாங்கியோ வாங்கியது. 2010இல் பிரமால் நிறுவனத்தின் உள்நாட்டு மருந்து வணிகத்தை அமெரிக்க அபோட் நிறுவனம் 372 கோடி டாலருக்கு வாங்கியது. எழுநூறு ரூபாயில் தொடங்கிய தொழில் எத்துணை விலை பெறுவதாயிற்று என்று மகிழ்வதா, கைமாறியதென்று வருந்துவதா?

இவ்விடத்தில் ஆசாரியரின் வாழ்வே நமக்கு அளவுகோல் தருகின்றது. புதிய ஆலை எழுப்பி, நம் பிள்ளைகளுக்கு நுட்பம் கற்பிக்கும் பணம் ஒரு வகை. எழுந்து நிற்கும் ஆலையையும் அதன் பெயரையும் விலைக்கு வாங்கும் பணம் மற்றொரு வகை. இரண்டையும் அயல்நாட்டு முதலீடு என்னும் ஒரே சொல்லால் அழைக்கின்றோம். பணம் எந்நாட்டினது என்பதோடு, அது போன பின் அறிவு யார் கையில் எஞ்சும் என்பதையும் கேட்டாக வேண்டும். 2020இல் கொள்ளை நோய் வந்து கப்பல்கள் தேங்கியபோது, நாம் பிறருக்கு அனுப்பும் மாத்திரைகளுக்கான மூல மருந்துப் பொருள்களில் பெரும்பகுதியைச் சீனத்திலிருந்து தருவிக்கின்றோம் என்பது கண்கூடாயிற்று. அவ்வாண்டே அரசு அவற்றை இங்கே செய்வோருக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்திட்டம் அறிவித்தது. எலும்பை உலர வைத்தவர் 1892இல் கண்ட குறை அதுவே.

அவர் நிறுவிய ஆலையின் கதை துயரம் கலந்தது. காலத்துக்கேற்பப் புதுமை செய்யாமல் நலிந்து, 1977இல் அரசின் மேலாண்மைக்கும் 1980இல் அரசுடைமைக்கும் வந்தது. 2016இல் அதனை விற்க மத்திய அரசு முடிவு செய்தது. அம்முடிவு எடுக்கப்பட்ட கணக்காண்டிலேயே, பல பத்தாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக அது இலாபம் காட்டியது. உள்நாட்டு முதலீடு என்பதனாலேயே ஒரு தொழில் வாழ்ந்துவிடாது; நாளும் கற்பவர் வேண்டும் என்பதற்கு இந்நலிவும் சான்று. ஆசாரியர் உயிரோடிருந்தால் முதலில் கடிந்துகொள்வது அயலாரையல்ல, நம்மையே.

நமக்கொரு சொல்

அக்கடிந்துரை எமக்கும் உரியது. எழுத்தர் வேலை மீது படித்தவர் கொண்ட மோகத்தை அவர் வாழ்நாளெல்லாம் சாடினார். எம் தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து ரயில்வே எழுத்தராக இங்கே வந்தார், பணிக்காலத்திலேயே மறைந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு வாரிசு வேலையில் யாம் அமர்ந்தோம். அது குடும்பத்தைக் காத்தது, அதற்காக நாணவில்லை. ஆனால் எம் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்றபோது, யாம் அவன் கையில் கொடுத்தது ரயில்வே தேர்வு விண்ணப்பத்தையே. ஆசாரியரின் வரலாற்றைப் படித்த பின் அவ்விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அவன் இப்போது மருந்தியல் பட்டயப் படிப்பில் சேர்ந்துள்ளான். அவன் வெல்வானா என்பது தெரியாது, முயலாமல் தோற்கமாட்டான்.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டு விழாவில் பந்தலுக்கும் மாலைக்கும் செலவிடுகின்றோம், வேண்டியதே. அவ்வரவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஒரு பொருளைச் செய்யக் கற்க விரும்பும் தமிழ்ப் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தரலாம். தொகை சிறிதென்று தயங்க வேண்டா. ஒரு நாட்டின் மருந்துத் தொழிலுக்கு இச்சாலையில் வித்தான தொகை எழுநூறு ரூபாயே.

வாழ்க ஆசாரிய பிரபுல்ல சந்திரர் புகழ்! வளர்க நம் சங்கம்!